மொரிஸ் மைனரின் சிலிண்டர் ஹெட்: கழற்றுவது முதல் மறுபடி முடுக்குவது வரை

யாழ்ப்பாணத்தில் பழைய மொரிஸ் மைனர் வைத்திருப்பவரிடம் எஞ்சின் வேலை பற்றிக் கேட்டால் பேச்சு பிஸ்டன், ரிங், போர் (பிஸ்டன் ஓடும் துளை) என்றுதான் போகும். சிலிண்டர்களை மேலிருந்து மூடி வால்வுகளைத் தாங்கும் ஹெட் என்றால் "வால்வு அரைத்துப் பூட்டினால் சரி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஐம்பது அறுபது ஆண்டு ஓடிய ஏ-சீரிஸ் எஞ்சின், அதாவது மைனரின் எஞ்சின், இழந்த பலத்தில் பெரும் பங்கு ஹெட்டிலேயே இழக்கப்பட்டிருக்கிறது. அதைத் திரும்பப் பெறுவதும், அதற்கு மேல் கொஞ்சம் சேர்ப்பதும் ஹெட்டில்தான் மலிவாகவும் பாதுகாப்பாகவும் முடியும். அதற்கான வழியைத் தொடக்கம் முதல் எழுதுகிறேன்.

இங்கே சொல்லும் அளவுகள் 1962இல் வந்த 1098 சி.சி. எஞ்சினுக்கானவை. 1956இல் வந்த 948 சி.சி. எஞ்சினுக்கும் முறை ஒன்றுதான். வால்வு விட்டமும் கன அளவும் மாறும். ஒஸ்டின் ஏ-30 காருக்காக 1951இல் 803 சி.சி.யாகப் பிறந்த இந்த எஞ்சின், மினி கார் 2000இல் நிற்கும்வரை தயாரிப்பில் இருந்தது. அந்த நீண்ட ஆயுள் நமக்கு ஒரு வசதி: உதிரிப்பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

இந்த ஹெட்டின் குணம்

வார்ப்பிரும்பு ஹெட். எட்டு வால்வுகள், ஆனால் ஐந்தே போர்ட்டுகள், அதாவது கலவை உள்ளே வரும் (இன்லெட்), எரிந்த வாயு வெளியேறும் (எக்ஸாஸ்ட்) வழிகள். 1ஆம், 2ஆம் சிலிண்டர்கள் ஒரே இன்லெட் போர்ட்டைப் பகிர்கின்றன. 3ஆம், 4ஆம் சிலிண்டர்கள் இன்னொன்றை. எக்ஸாஸ்டில் இரு ஓரச் சிலிண்டர்களுக்கும் தனித்தனிப் போர்ட், நடுவிலுள்ள 2க்கும் 3க்கும் பொதுவாக ஒன்று. இரண்டு சிலிண்டர்களின் எரிந்த வாயு ஒரே வழியாக வெளியேறுவதால் ஹெட்டிலேயே மிகச் சூடான இடம் அந்த நடுப்போர்ட்தான். வெடிப்பு விழுந்தால் பெரும்பாலும் அதையொட்டிய சிலிண்டர்களில், இன்லெட் சீட்டுக்கும் எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் (சீட் என்பது வால்வு அமர்ந்து மூடும் விளிம்பு) நடுவிலுள்ள ஒடுக்கமான பகுதியில் விழும்.

போர்ட்டுகள், வால்வைத் திறக்கக் கீழிருந்து தள்ளும் புஷ்ராட்டுகள் எல்லாம் ஒரே பக்கம்; பிளக்குகள் மறுபக்கம். இன்லெட் போர்ட் புஷ்ராட் துளைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு போகிறது. போர்ட்டைப் பெரிதாக்கப் புறப்பட்டவர்கள் அந்தத் துளைக்குள் ஓட்டை போட்டுவிட்டு நிற்பது இதனால்தான். எரியறை இதய வடிவம். வடிவமைத்தவர் ஹாரி வெஸ்லேக். இரு வால்வுகளுக்கும் நடுவே அலகுபோல் நீளும் முனை, உள்ளே வரும் கலவையைச் சுழல வைப்பதற்காக விடப்பட்டது. அதைப் பிற்பாடு பார்ப்போம்.

நம் ஊர் ஹெட்டுகளுக்கு இன்னும் இரண்டு தனிக்கதைகள் உண்டு. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். கிணற்று நீர் கடினமானது. அதையே ஆண்டாண்டாக ரேடியேட்டரில் ஊற்றிய ஹெட்டின் நீர்ப்பாதைகளில் சுண்ணாம்புப் படிவு ஏறியிருக்கும். நடு எக்ஸாஸ்ட் போர்ட்டைச் சுற்றி அது படிந்தால் வெப்பம் நீருக்குப் போகாது. இரண்டாவது, தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லாத அந்த ஆண்டுகளில் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் இவை. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் கரியாகப் படியும். எரியாத மீதி கீழே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். அந்தக் காலத்தைக் கடந்த காரைத் திறக்கிறீர்கள் என்றால், கரியை மட்டுமல்ல, ராக்கர்கள் (புஷ்ராட்டின் தள்ளலை வால்வுக்குக் கொடுக்கும் நெம்புகள்) ஆடும் ராக்கர் ஷாஃப்டின் தேய்மானத்தையும் எதிர்பார்த்தே திறவுங்கள்.

திறப்பதற்கு முன்

எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் தரும் அழுத்தம், அளந்து எழுதிவையுங்கள். நான்குக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பழுது ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கலாம். ரிங் போன எஞ்சினுக்கு நல்ல ஹெட் பூட்டுவதில் பயனில்லை. ஒயில் குடிப்பது நிற்காது.

வால்வு இடைவெளியையும் (ராக்கர் நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையிலுள்ளது) இப்போதே அளந்து எழுதுங்கள். எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி அடிக்கடி தானாகக் குறைந்துகொண்டே வந்திருந்தால், சீட் உள்ளே அமிழ்கிறது என்று பொருள். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. அதுவரை ஈயச் சேர்மங்கள் சீட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, செஞ்சூட்டில் இருக்கும் வால்வு முகம் வார்ப்பிரும்போடு நுண்ணியதாக ஒட்டிப் பிய்ப்பதைத் தடுத்துவந்தன. படலம் போனபின் ஒவ்வொரு அறைதலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீட் கரைகிறது. நீண்ட தூரம் வேகமாக ஓடும் காரில் இது விரைவில் தெரியும்.

கருவிகளில் ஒன்றைப் பற்றி மட்டும் வலியுறுத்துகிறேன். இந்தக் காரின் நட்டுகள் அங்குல அளவு. ஹெட் நட்டுக்கு 9/16, ராக்கர் தாங்கியின் சிறு நட்டுக்கு 1/2. 9/16 என்பது 14.29 மி.மீ. ஆகையால் 14 மி.மீ. சாவி ஏறாது, 15 போட்டால் நட்டின் முனைகள் உருளும். அங்குலச் சாக்கெட் கிடைக்கும்வரை வேலையைத் தொடங்காதீர்கள்.

கழற்றுதல்

பேட்டரியைத் துண்டியுங்கள். ரேடியேட்டர் நீரையும் பிளாக்கிலுள்ள குழாய் வழியாக எஞ்சின் நீரையும் முழுதாக இறக்குங்கள். இதை முதலில் செய்யவேண்டியதற்குக் காரணம் உண்டு. ராக்கர் தாங்கிகளைப் பிடிக்கும் எட்டு நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் பிடிக்கும் நட்டுகள். நீர் இருக்கும்போது அந்த நான்கை மட்டும் தளர்த்தினால் ஹெட் ஒருபக்கமாகக் கோணி, நீர் சிலிண்டருக்குள்ளும் எஞ்சினடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்குள்ளும் இறங்கும். டாப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்யும் நேரத்தில் ராக்கரை மட்டும் எடுத்துப் பார்ப்போம் என்று முயல்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கார்புரேட்டர், மேனிஃபோல்ட், மேல் ஹோஸ், பிளக் வயர்கள், வெப்பமானி உணரி, ஹீட்டர் இருந்தால் அதன் குழாய் எல்லாவற்றையும் எடுத்த பிறகு, ஒன்பது ஹெட் நட்டுகளையும் முடுக்கும் வரிசைக்கு நேர் எதிர் வரிசையில், ஓரத்திலிருந்து நடுவுக்கு, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ராக்கர் ஷாஃப்டைத் தூக்கியபின் புஷ்ராட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகி உருவவேண்டும். நேராக இழுத்தால் ஒயிலின் பிடிப்பில் புஷ்ராட்டின் அடியிலுள்ள டாப்பெட்டும் கூடவே எழுந்துவந்து கீழே விழும். ஓர் அட்டைப்பெட்டியில் எட்டு துளை போட்டு எண் எழுதி, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பப் போகும்படி வையுங்கள்.

ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் மூட்டுக்குள் ஸ்க்ரூட்ரைவரை அடிக்காதீர்கள். அந்தக் கீறல் வழியாக நாளை நீர் கசியும். பேட்டரியை மறுபடி பூட்டி, பிளக்குகளை இறுக்கிவிட்டு எஞ்சினை இரண்டொரு சுற்று சுழற்றினால் சிலிண்டரின் அழுத்தமே மூட்டை விடுவிக்கும். துருப்பிடித்த ஸ்டட்டில்தான் சிக்கல் என்றால், ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருங்கள்.

பழைய கேஸ்கெட்டில் கல்நார் இருக்கும். உலரச் சுரண்டவோ கம்பித் தூரிகையால் தேய்க்கவோ வேண்டாம். நனைத்துச் சுரண்டி, ஈரத்தோடே பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வால்விலும் எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் சாம்பல் நிறப் பொடி இருந்தால் அது பழைய ஈயப்படிவு. அதற்கும் இதே எச்சரிக்கைதான். முகக்கவசம் அணிந்தே வேலை செய்யுங்கள்.

அளந்து பார்த்தல்

வால்வுகளைக் கழற்றும் முன், அவை மூடியிருக்கும்போதே எரியறைக் கரியைச் சுரண்டுங்கள். சீட்டில் கீறல் விழாது. மரத்துண்டையோ மென்மையான பித்தளையையோ பயன்படுத்துங்கள். பிஸ்டன் தலையிலும் அப்படியே, ஆனால் ஓரத்தில் ஒரு வளையம் அளவு கரியை விட்டுவிடுங்கள். தேய்ந்த போரில் ஒயில் மேலேறுவதை அது கொஞ்சம் தடுக்கிறது.

ஸ்ப்ரிங் அமுக்கியால் வால்வுகளைக் கழற்றுங்கள். வால்வுத் தண்டைப் பூட்டும் காட்டர்களைச் சுற்றி ஒரு சிறு கம்பி வளையம் இருந்தால் அதை முதலில் எடுக்கவேண்டும். எல்லாம் வெளியே வந்ததும் ஹெட்டை ஊறவைத்துக் கழுவுங்கள். நீர்ப்பாதைகளில் கம்பி விட்டுச் சுண்ணாம்பைக் கிண்டி எடுங்கள். இந்த ஒரு வேலையில் அரை நாள் போனாலும் பரவாயில்லை. நம் கோடையில் கச்சேரி நல்லூர் வீதியிலே நெரிசலில் நிற்கும் காரின் சூடு இறங்குவதும் இறங்காததும் இதைப் பொறுத்தது.

அடுத்து, வெடிப்பு. சாயம் தெளித்துப் பார்க்கும் மூன்று புட்டித் தொகுதி வாங்கிச் சீட்டுகளின் நடுப்பகுதியைச் சோதியுங்கள். வெடிப்பு தெரிந்தால் மேற்கொண்டு செலவழிக்காமல் வேறு ஹெட் தேடுவதே நல்லது. வார்ப்பிரும்பு வெடிப்பைத் தைக்க முடியும். ஆனால் சீட்டின் குறுக்கே ஓடும் வெடிப்பைத் தைத்து நிம்மதியாக ஓட்டுவது அரிது.

முகத்தின் (பிளாக்கோடு சேரும் பரப்பின்) சமன்: நேர்கோலை நீளவாட்டிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து ஃபீலர் கேஜ் நுழையுமா பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் நுழைந்தால் முகம் சீவவேண்டும். ஹெட்டின் தடிமனையும் அளந்து வையுங்கள். புதிதில் 2.75 அங்குலம், அதாவது 69.85 மி.மீ. அதைவிடக் குறைந்திருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ சீவியிருக்கிறார்கள். எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

கைட் (வால்வுத் தண்டு ஓடும் குழல்): வால்வை ஐந்து மி.மீ. தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப்பாருங்கள். இன்லெட்டில் தண்டுக்கும் கைட்டுக்கும் இடைவெளி 0.04 முதல் 0.06 மி.மீ., எக்ஸாஸ்டில் 0.05 முதல் 0.08 வரை இருப்பது சரி. தலை தெளிவாக ஆடினால் கைட் போய்விட்டது. புதிய வால்வைப் பழைய கைட்டில் போட்டு ஆட்டிப்பார்த்தால், தேய்ந்தது தண்டா கைட்டா என்று பிரித்தறியலாம்.

எனக்குத் தெரிந்து மிகுதியான ஹெட் வேலைகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். கைட்டை மாற்றாமல் சீட்டை அரைக்கிறார்கள். சீட் வெட்டும் கருவியின் நடுத்தண்டு கைட்டுக்குள்தான் நிற்கிறது. கைட் ஆடினால் சீட் வட்டமாக வராது, வந்தாலும் வால்வு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உட்காரும். எத்தனை மணிநேரம் அரைக்கும் பேஸ்ட் தேய்த்தாலும் அதை மறைக்க முடியாது. ஆகவே வரிசை மாறக்கூடாது: கைட், பிறகு சீட், பிறகு தேய்ப்பு.

லேத் பட்டறையில் செய்யவேண்டியவை

பழைய கைட்டை எரியறைப் பக்கம் வெளியேறும்படி அடித்து இறக்கி, புதியதை மேலிருந்து ஏற்றவேண்டும். ஸ்ப்ரிங் உட்காரும் முகத்துக்கு மேல் கைட் 19/32 அங்குலம், அதாவது 15.1 மி.மீ. நீட்டி நிற்கவேண்டும். வார்ப்பிரும்புக் கைட் போதும். வெண்கலக் கைட் நல்ல பொருள்தான். தெருவில் ஓடும் மைனருக்கு அதில் கூடுதல் நன்மை இல்லை.

நான்கு எக்ஸாஸ்ட் சீட்டுகளுக்கும் கடின உலோக வளையம் போடச் சொல்லுங்கள். ஈயமில்லாப் பெற்றோலுக்கு இதுவே நிரந்தரத் தீர்வு. கூடவே 21-4என் என்ற உருக்கில் செய்த எக்ஸாஸ்ட் வால்வுகளை வாங்குங்கள். இன்லெட் சீட் உள்ளே வரும் கலவையால் குளிர்வதால் அதற்கு வளையம் தேவையில்லை. ஏற்கெனவே ஆழமாக அமிழ்ந்திருந்தால் மட்டும் போடலாம்.

பட்டறைக்காரரிடம் தாளில் எழுதிக் கொடுங்கள்: சீட் கோணம் 45 பாகை, அதற்கு மேலே 30, கீழே 60. சீட்டின் அகலம் இன்லெட்டில் 1.2 மி.மீ., எக்ஸாஸ்டில் 1.6 மி.மீ. எக்ஸாஸ்ட் அகலமாக இருப்பது வெப்பத்துக்காக. வால்வுத் தலையின் சூட்டில் பெரும் பகுதி சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. வாயால் சொன்னால் ஒற்றைக் கோணம் வெட்டி அனுப்பிவிடுவார்கள். அது கசியாது, ஓடும். ஆனால் மேம்பாட்டின் பாதி இந்த மூன்று கோணங்களில்தான் இருக்கிறது.

முகம் சீவுவதைக் கடைசிக்கு வையுங்கள். எவ்வளவு என்பதை இன்னும் கணக்கிடவில்லை.

மிதமான மேம்பாடு

வால்வு சற்றே திறந்திருக்கும்போது காற்று நெரியும் இடம் சீட்டுக்கு மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர். போர்ட்டின் வாய் எவ்வளவு பெரிது என்பது அங்கே எதையும் மாற்றுவதில்லை. ஆகவே உங்கள் உழைப்பு முழுவதையும் அந்த ஒரு சென்டிமீட்டரில் போடுங்கள்.

60 பாகை வெட்டு முடியும் இடத்தில் கூர்மையான ஒரு படி நிற்கும். சிறு அரைப்பானில் கல் பூட்டி அந்தப் படியைப் போர்ட்டோடு இழைத்து விடுங்கள். தொண்டையின், அதாவது சீட்டுக்கு உள்ளே போர்ட்டின் மிக ஒடுங்கிய இடத்தின், விட்டம் வால்வு விட்டத்தில் 85 சதவீதம் அளவுக்கு வந்தால் நிறுத்துங்கள். 1098 மைனரில் வழக்கமாக இருக்கும் 12ஜி202 என்ற வார்ப்பு எண்ணுள்ள ஹெட்டில் இன்லெட் வால்வு 1.156 அங்குலம், அதாவது 29.4 மி.மீ.; தொண்டை 25 மி.மீ. போதும். எக்ஸாஸ்ட் 25.4 மி.மீ.; தொண்டை 21.6. சீட்டின்மேல் கல் ஒருமுறை பட்டாலும் மறுபடி வெட்டவேண்டி வரும். சீட்டிலிருந்து இரண்டு மி.மீ. தள்ளியே கல்லை நிறுத்தி, மீதியைக் கையால் உப்புத்தாளில் முடியுங்கள்.

போர்ட் உள்ளே வளைந்து வால்வை நோக்கித் திரும்பும் இடத்தில், வளைவின் உட்பக்கம் கூர்மையாக இருக்கும். அதை உருட்டிவிடுவது அடுத்த நன்மை. கைட் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டை இரு பக்கமும் ஒடுக்கிக் கூராக்கலாம். உயரத்தைக் குறைக்கவேண்டாம், கைட்டுக்குத் தாங்கல் வேண்டும். புஷ்ராட் துளைகளை ஒட்டிய சுவரைத் தொடாதீர்கள்.

இன்லெட்டைக் கண்ணாடிபோல் மினுக்க வேண்டாம். 80 அல்லது 120 எண் உப்புத்தாளின் சொரசொரப்பு அப்படியே இருக்கட்டும். சுவரில் ஒதுங்கும் பெற்றோல் மழமழப்பான பரப்பில் ஓடையாக வழியும், சொரசொரப்பில் மறுபடி காற்றோடு கலக்கும். எக்ஸாஸ்டை நன்றாக மினுக்கலாம், கரி படிவது குறையும்.

வால்வுத் தலையின் பின்பக்கம், 45 பாகை முகத்துக்கு உள்ளே, 30 பாகையில் ஒரு சிறு வெட்டு போடச் சொன்னால் குறைந்த திறப்பில் காற்று கூடும். சில நிமிட வேலை. செலவுக்கு மிஞ்சிய பலன்.

எரியறையில் அலகு முனையை வெட்டி எறியாதீர்கள். முனையின் கூர்மையை மட்டும் உருட்டுங்கள். கூர்மையான விளிம்பு செஞ்சூடாகி, பிளக் பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். இன்லெட் வால்வை நெருக்கும் சுவரைக் கொஞ்சம் பின்தள்ளலாம். எவ்வளவு என்பதற்கு எல்லை கேஸ்கெட்: முகத்தில் நீலச்சாயம் பூசி, கேஸ்கெட்டை ஸ்டட் துளைகளோடு ஒத்து வைத்து, உள்விளிம்பைக் கீறிக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் கேஸ்கெட் எரியும்.

பெரிய வால்வு வேண்டுமா? எம்.ஜி. 1100இல் வந்த 12ஜி295 ஹெட்டில் இன்லெட் 1.219 அங்குலம், அதாவது 31 மி.மீ. அந்த அளவு வால்வை 12ஜி202இல் வெட்டி உட்காரவைக்கலாம். இதுவே இந்த எஞ்சினுக்கு நான் சிபாரிசு செய்யும் எல்லை. 1275 சி.சி. எஞ்சினின் 12ஜி940 ஹெட்டைத் தேடிப் பூட்டுபவர்கள் உண்டு. அதன் எக்ஸாஸ்ட் வால்வு 1.15 அங்குலம், சிறிய போருள்ள 1098 பிளாக்கில் திறக்கும்போது விளிம்பில் இடிக்கும். பிளாக்கிலேயே குழிவு வெட்டவேண்டும். அது மிதமான மேம்பாடு அல்ல.

கம்ப்ரெஷன் கணக்கு

ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 274.5 சி.சி. மூல விகிதம் (பிஸ்டன் கீழே நிற்கும்போதுள்ள இடம், மேலே நிற்கும்போது மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) 8.5 என்றால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மிஞ்சும் மொத்த இடம் 274.5 ÷ 7.5, அதாவது 36.6 சி.சி. இதில் ஹெட்டின் எரியறை ஏறக்குறைய 26 சி.சி.; மற்றது கேஸ்கெட்டும் பிஸ்டன் பக்கத்து இடமும். விகிதத்தை 9ஆக்க மொத்த இடம் 274.5 ÷ 8, அதாவது 34.3 ஆகவேண்டும். ஆக எரியறையில் 2.3 சி.சி. குறைக்கவேண்டும்.

எரியறை வேலை முழுதும் முடிந்தபின், வால்வையும் பிளக்கையும் பூட்டி, முகத்தை மட்டமாக மேல்நோக்கி வைத்து, நடுவில் துளையிட்ட தடித்த பிளாஸ்டிக் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டுங்கள். மருந்துக்கடைச் சிரிஞ்சால் மண்ணெண்ணெயை அளந்து விட்டு, குமிழி இல்லாமல் நிரம்பும் அளவைக் குறியுங்கள். நான்கிலும் மிகப் பெரியதே அளவுகோல். மற்ற மூன்றையும் சுவரில் அரைத்து அதற்குச் சமனாக்குங்கள், அரை சி.சி.க்குள் வந்தால் நல்லது.

பிறகு எரியறையின் விளிம்பைக் கட்டத்தாளில் அழுத்திப் படியெடுத்துச் சதுரங்களை எண்ணுங்கள். பரப்பு 24 சதுர சென்டிமீட்டர் வந்தால், 2.3 சி.சி. குறைக்க 2.3 ÷ 24, அதாவது 0.96 மி.மீ. சீவவேண்டும். சுவரை அரைத்ததில் கன அளவு கூடியிருந்தால் அதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பே சீவப்பட்ட ஹெட் என்றால் இதே கணக்கு உங்களைப் பத்துக்கு மேல் கொண்டுபோயிருக்கலாம். அப்படியானால் சமனாக்கும் அளவுக்கு மேல் சீவவே கூடாது.

9 என்று ஏன் நிறுத்துகிறேன் என்றால், இங்கே எல்லா நிலையத்திலும் கிடைப்பது 92 ஒக்டேன். 9க்கு அது தாங்கும். 95 எப்போதும் கிடைக்கும் கொழும்புப் பக்கம் ஓட்டுபவர் 9.5 வரை போகலாம். நம் வெயிலில், நான்கு பேர் ஏறிய காரில் நான்காவது கியரில் ஏற்றம் ஏறும்போது தட்டும் சத்தம் கேட்டால், கூடிய விகிதம் தந்த பலனை பிஸ்டன் திருப்பிக் கொடுக்க நேரும்.

தேய்ப்பும் சோதனையும்

நன்றாக வெட்டிய சீட்டுக்கு மெல்லிய பேஸ்ட் மட்டும் போதும். இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் சுழற்றி, வால்வைத் தூக்கி, கால் சுற்று மாற்றி வைத்துத் தொடருங்கள். உடையாத சாம்பல் நிற வளையம் வந்தால் நிறுத்துங்கள். முரட்டுப் பேஸ்ட்டில் மணிக்கணக்காகத் தேய்ப்பது வெட்டிய கோணத்தை அழிக்கும். வளையம் வால்வு முகத்தின் வெளிவிளிம்பிலிருந்து அரை மி.மீ. உள்ளே விழவேண்டும். பேஸ்ட் ஒரு துகளும் மிஞ்சாமல் மண்ணெண்ணெயிலும் பின் சோப்பு நீரிலும் கழுவி, உடனே உலர்த்தி ஒயில் பூசுங்கள். வார்ப்பிரும்பு ஒரே இரவில் துருவேறும்.

ஸ்ப்ரிங்குகளைப் புதிய ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். உயரம் குறைந்தால் எட்டையும் மாற்றுங்கள், விலை அற்பம். தண்டு சீல்களும் புதியவை. பூட்டியபின் ஹெட்டைக் கவிழ்த்து எரியறையில் மண்ணெண்ணெய் நிரப்பிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். போர்ட்டில் ஈரம் தெரிந்தால் அந்த வால்வை மறுபடி கழற்றித்தான் ஆகவேண்டும்.

ராக்கர் ஷாஃப்டின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் ஷாஃப்ட் புதிது, ராக்கருக்கும் புதிய புஷ். ஒயில் வரும் துளையுள்ள தாங்கியைக் கழற்றும்போதே குறியிட்டு, அதே இடத்தில் திரும்பப் பூட்டுங்கள். ஒரு மி.மீ.க்கு மேல் சீவியிருந்தால் தாங்கிகளுக்கு அடியில் தகடு வைத்து ராக்கரின் சாய்வைப் பழையபடி கொண்டுவரவேண்டும். இல்லாவிட்டால் ராக்கர் நுனி வால்வுத் தண்டின் ஓரத்தில் உரசிக் கைட்டைத் தின்னும்.

பூட்டுதல்

ஹெட் வெளியே இருக்கும்போது, ஹெட்டுக்கும் நீர்ப்பம்புக்கும் நடுவிலுள்ள குட்டி ஹோஸைக் கட்டாயம் மாற்றுங்கள். ஹெட் பூட்டியபின் அது கிழிந்தால் விரல் நுழையாத இடத்தில் மல்லுக்கட்ட வேண்டும்.

பிளாக் முகத்தையும் ஸ்டட் புரிகளையும் சுத்தம் செய்யுங்கள். கேஸ்கெட்டில் எது மேல்பக்கம், எது முன்பக்கம் என்று அச்சிட்டிருக்கும், அப்படியே வையுங்கள். பசை எதுவும் வேண்டாம். புஷ்ராட்டுகள் பழைய இடத்துக்கே போகட்டும். ஒன்பது நட்டுகளையும் நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறி ஓரத்துக்குப் போகும் வரிசையில், மூன்று படியாக முடுக்குங்கள்: 27, 41, கடைசியாக 54 நியூட்டன் மீட்டர். இது 40 அடி-பவுண்ட். ராக்கர் தாங்கியின் நான்கு சிறு நட்டுகளுக்கு 34 நியூட்டன் மீட்டர். பின்னாளில் வந்த ஏ-பிளஸ் எஞ்சின்களின் 50 அடி-பவுண்டைப் பழைய ஸ்டட்டில் போட்டால் புரி பிடுங்கிவரும்.

மேனிஃபோல்டில் ஒரு நுட்பம்: இன்லெட்டையும் எக்ஸாஸ்டையும் ஒரே வாஷர் பாலம்போல் பிடிக்கிறது. இரண்டின் விளிம்புத் தடிமனும் சமமில்லாவிட்டால் ஒன்று இறுகும், மற்றது காற்றை உறிஞ்சும். இரண்டையும் சேர்த்துப் பூட்டி ஒரே தடவையாக முகம் சீவுவதே சரி.

வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. இரு வகைக்கும் ஒன்றே. முன்னாலிருந்து எண்ணி, எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள்; கிடைக்கும் எண்ணுள்ள வால்வைச் சரிசெய்யுங்கள். 8 திறந்திருந்தால் 1ஐ, 6 என்றால் 3ஐ, 4 என்றால் 5ஐ, 7 என்றால் 2ஐ, 1 என்றால் 8ஐ, 3 என்றால் 6ஐ, 5 என்றால் 4ஐ, 2 என்றால் 7ஐ.

ரேடியேட்டரில் மழைநீரோ வடித்த நீரோ கூலண்ட்டுடன் கலந்து ஊற்றுங்கள். இவ்வளவு பாடுபட்டுச் சுண்ணாம்பு எடுத்த ஹெட்டுக்குள் மறுபடி கிணற்று நீர் போகக்கூடாது.

முதல் ஓட்டம்

ராக்கர்களின்மேல் ஒயில் ஊற்றி, பிளக் இல்லாமல் சுழற்றி, எட்டு ராக்கருக்கும் ஒயில் ஏறுவதைக் கண்ணால் பாருங்கள். பிளக் இடைவெளி 0.025 அங்குலம், 0.64 மி.மீ. கிளப்பியதும் வெப்பம் சரியாக ஏறும்வரை நின்று, ஓடவிட்டு, நிறுத்தி, முழுதாகக் குளிரவிடுங்கள். பிறகு நட்டுகளை அதே வரிசையில் ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தி மறுபடி 54க்கு முடுக்கி, வால்வு இடைவெளியை மீண்டும் பாருங்கள். நட்டு இறுகினால் இடைவெளி மாறும். ஆகவே இரண்டும் எப்போதும் சேர்ந்தே செய்யவேண்டிய வேலை.

விகிதம் கூடியதால் பொறி நேரத்தை ஒன்றிரண்டு பாகை பின்தள்ளித் தொடங்கி, தட்டும் சத்தம் கேட்காத எல்லைவரை முன்னே கொண்டுவாருங்கள். காற்று கூடுதலாக நுழைவதால் எஸ்.யூ. கார்புரேட்டரின் கலவை மெலியக்கூடும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள்: வெண்மையாக இருந்தால் ஒரு படி தடித்த கலவை தரும் ஊசி வேண்டும், வெளிர் பழுப்பு என்றால் தொடாதீர்கள். எஞ்சின் சூட்டில் கம்ப்ரெஷனை மறுபடி எடுத்துப் பழைய எண்களின் பக்கத்தில் எழுதுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியபின் ஒயிலை மாற்றி, எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளிகளை மட்டும் இன்னொரு முறை அளவுகோல் விட்டுப் பாருங்கள். 0.30 அப்படியே நின்றால் புதிய சீட்டுகள் அமிழாமல் நிற்கின்றன.